ரைபோசோமுக்கு ஐஸ்

எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடையாறு ஆய்வுக்கூடத்துக் காவலாளி போன் செய்தார். கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் ஓடவில்லை என்றார். மயிலாப்பூரில் எங்களோடு தங்கி அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சித்தி, பிசைந்த மோர்சாதத்தை அப்படியே விட்டு எழுந்தாள். லாரித் தண்ணீர் பிடிக்க அம்மா பத்திரமாக வைத்திருந்த இரண்டு வாளிகளையும் எடுத்துக்கொண்டாள். ஒன்றைத் தூக்க நான்.

“கரண்ட் வந்தா தானா சரியாயிடாதோ?” என்றாள் அம்மா.

“வரதுக்குள்ள எல்லாம் கெட்டுடும்க்கா. மாசக்கணக்கா பண்ணின வேலை.”

வெயில் காலம். கடைக்காரர்கள் எல்லோரும் ஐஸ் இல்லையென்று கையை விரித்தார்கள். சித்தி ஆட்டோவை நேரே சாந்தோம் கடற்கரைக்கு விடச் சொன்னாள். ஏகாதசியன்று வெங்காயத்தைத் தொடாத வீட்டுப் பெண், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மீன் கூடைகளுக்கு நடுவே நடந்தாள்.

“இன்னாம்மா, மீனு வோணாமா? வெறும் ஐஸை வச்சிக்கினு இன்னா பண்ணுவே?” என்று சிரித்தாள் மீன் விற்ற அம்மாள்.

“லேப்ல ஒரு சாமான் இருக்கும்மா. சூடு பட்டா உங்க மீன் மாதிரியே கெட்டுடும்.”

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். தன் பெட்டியிலிருந்த கட்டியை உடைத்து வாளிகளை நிரப்பினாள். “அப்போ இங்க நிக்காதே, ஓடு!”

ஐஸ் உருகி என் பாவாடை நனைய, ஆட்டோவில் சித்தி சொல்லிக்கொண்டே வந்தாள். பாக்டீரியாவுக்குள் ரைபோசோம் என்று ஒரு மிஷின். சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று அதில் இரண்டு பாகம். எதை எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்ற செய்தியைச் சின்னது பிடித்துப் படிக்கும். அந்த வரிசைப்படி அமினோ அமிலங்களைப் பெரியது கோத்துக் கோத்துப் புரதமாக்கும். அதைப் படிகமாக வளர்த்து, எக்ஸ்ரே பாய்ச்சி, எந்த அணு எங்கே இருக்கிறதென்று பார்க்க வேண்டும்.

இருட்டான ஆய்வுக்கூடத்தில் அவள் ஐஸுக்குள் புதைத்த ரைபோசோம் குழாய்களை எட்டிப் பார்த்தேன். வெறும் தண்ணீர் போலத்தான் இருந்தது. சாயங்காலம் கரண்ட் வரும்வரை உருகிய நீரை வடித்தபடி அவள் காவல் இருந்தாள்.

குழாய்கள் பிழைத்தன. ஆனால் படிகம் வளரவில்லை. ஒரு வாய் சாதத்தைக்கூடக் குறைக்காமல் சித்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அம்மா அந்த வாளிகளில் அதன் பிறகு துணி மட்டும்தான் நனைத்தாள்.

“அந்த ரைபோசோம் உள்ளே எப்படி இருக்கும்னு நீ பாத்திருக்கியா?” என்று சித்தியிடம் கேட்டேன்.

“மேலோட்டமாத்தான் தெரியும். உள்ளே எப்படின்னு உலகத்துல இன்னும் யாருமே பாக்கலடி.”

பாவம், சித்தியை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதைச் சொல்லும்போது அவள் முகம் ஏன் அப்படி மலர்ந்ததென்றுதான் எனக்குப் புரியவில்லை.