காதுக்குப் பின்னால் ஒரு அதிசயம்

அக்காவைக் கட்டிய என் அத்தானுக்கு, சினிமாவுக்காக வேற்றுக்கிரக ஜந்துக்களை வரைவதுதான் வேலை. எத்தனை கண், எங்கே வால் என்று முதலில் தீர்மானிப்பவர் அவர்தான். ஆனால் ஒரு ஜந்துகூடத் திரை ஏறியதில்லை. வெறும் வாயை மெல்லும் என் அப்பாவுக்கு இது அவல் கிடைத்த மாதிரி.

"யாருமே பாக்காததை வரையறதுல என்ன சாமர்த்தியம், மாப்பிள்ளை? தப்புன்னு சொல்ல யாரு வரப் போறா?" என்பார்.

அந்த வாயிலிருந்து ஒரு 'நல்லாயிருக்கு' வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அத்தானின் ஆசை. பேராசை என்றே சொல்லலாம்.

புது டைரக்டர் ஒருவர் வந்தார். கொம்பு வைத்தால் மாடு என்றார், செதில் வைத்தால் மீன் என்றார். "பாத்தா பயமா இருக்கணும், பாவமாவும் இருக்கணும். திங்கட்கிழமைக்குள்ள தேறலன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்." அத்தானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் அப்பா டிவி முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார். பிளந்த வாய், நெரித்த புருவம், தூக்கத்திலும் யாரையோ அதட்டுகிற முகம். அத்தான் சத்தமில்லாமல் போனில் ஒரு போட்டோ எடுத்தார். கம்ப்யூட்டரில் அதை அடியில் வைத்து, மேலே ஜந்துவை வரைந்தார். வரைந்து முடித்ததும் அடியில் இருக்கும் போட்டோவை மறைத்துவிட வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டார். வண்ணம் படாமல் விட்டுப்போன ஒரு இடத்தில், அப்பாவின் காது மிஷின் அப்படியே எட்டிப் பார்த்தது.

மறுநாள் டைரக்டர் கேட்டார்: "காதுக்குப் பின்னாடி என்னது இது?"

அத்தான் அப்போதுதான் அதைக் கவனித்தார். "அது... அது வழியாத்தான் நாம பேசறது அதுக்குக் கேக்கும்." பொய் சொல்லவில்லை, பாருங்கள். டைரக்டர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

படம் வெளிவந்ததும் விமர்சகர்கள் அந்த உறுப்பைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். மனித மூளைக்கு எட்டாத கற்பனையாம்! குடும்பத்தோடு தியேட்டருக்குப் போனோம். ஜந்துவின் முகம் திரையை அடைத்தபோது, அப்பாவின் கை மெல்லக் காதுக்குப் பின்னால் போனது. அத்தான் சீட்டுக்குள் புதைந்துபோனார்.

வெளியே வந்ததும் அப்பா அவர் தோளில் கை போட்டார். அப்படிப் போட்டு நான் பார்த்ததே இல்லை.

"மூஞ்சி சுமார்தான், மாப்பிள்ளை. இப்படி ஒரு மூஞ்சி எங்க இருக்கு? ஆனா அந்தக் காது மிஷின் அச்சு அசல். நல்லாயிருக்கு. இப்பத்தான் உங்களுக்கு வரைய வந்திருக்கு."

அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஜந்துவில் அவர் வரையாத ஒரே இடம் அதுதான்.