மூங்கில் தடுப்புக்கு இப்பால் நின்ற தாய்மாமன்

போன வாரம் ஒரு காலையில் பால் ஊற்ற வந்தவர், நான் செம்பை நீட்டுவதற்கு முன்பே செய்தியை ஊற்றிவிட்டார். "டீச்சரம்மா, பக்கத்து வீட்டு காலரா குருசாமி அய்யா தவறிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாராம்." எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "வயசாச்சுல்ல" என்றும் சேர்த்துக்கொண்டார். குருசாமியைவிட நான் சற்றே இளையவள். அதை அவருக்கு நினைவூட்டவில்லை. துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் காப்பி வேண்டியிருக்கும் என்று பாலைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டேன்.

போடி நகராட்சியில் சுகாதார இன்ஸ்பெக்டராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அவர். அம்மை, கொசு, சாக்கடை, ஈ மொய்த்த அல்வா என்று எத்தனையோ எதிரிகளோடு மல்லுக்கட்டியவர். ஆனாலும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது காலரா ஒன்றுதான். நோயைத் தடுத்தவனுக்கு நோயின் பெயரையே சூட்டுவது எங்கள் ஊர் நன்றி சொல்லும் முறை. இந்த ஊருக்குக் காலராவைக் கொண்டுவந்தவரே அவர்தான் என்று நம்பும் இளைஞர்களை நான் சந்தித்திருக்கிறேன். உண்மையை அறிந்தவர்களில் நாங்கள் சிலர்தான் எஞ்சியிருக்கிறோம். எங்களுக்கும் ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. எனவே எழுதிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஏலக்காய்ப் பருவம். நான் பி.ஏ., எல்.டி. பட்டங்களோடு திருச்சியிலிருந்து இங்குள்ள பெண்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்த புதிது. ஆற்றோரத் தெருக்களில் காலரா தொடங்கி, வாரத்துக்குள் ஊரின் நடுவுக்கு வந்துவிட்டது. சந்தை கூடக் கூடாது, பள்ளிகளை மூட வேண்டும், விருந்து வைக்கக் கூடாது, குரங்கணி வழியாக மலைத் தோட்டங்களுக்கு யாரும் ஏறவும் கூடாது, அங்கிருந்து இறங்கவும் கூடாது என்று உத்தரவு வந்தது. உத்தரவு மேலிடத்தில் பிறந்தது. மேலிடத்தைத் திட்ட வேண்டுமானால் மதுரைக்குப் போக வேண்டும். குருசாமியைத் திட்ட ஊர் எல்லைக்குப் போனால் போதும். மலையடிவாரத்தில் பாதையின் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி, காக்கி அரைக்கால் சட்டையும் சைக்கிளுமாக அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

மலையில் காய் முற்றிக்கொண்டிருந்தது. ஏலக்காய் யாருக்காகவும் காத்திருக்காது. பறிக்காமல் விட்டால் வெடிக்கும், வெடித்தால் அணிலுக்கும் எலிக்கும் விருந்து. தோட்டக்காரர்களுக்கு விளைச்சல் போயிற்று, காய் எடுக்கப் போகும் பெண்களுக்குக் கூலி போயிற்று. சவரக் கடையிலும் காப்பிக் கடையிலும் கிணற்றடியிலும் ஒரே பேச்சு: அடைத்தது சரியா, தப்பா? வாய்ச்சண்டை கைச்சண்டை ஆகிவிடும்போல் இருந்ததால், நகராட்சித் தலைவர் ஒரு வழி கண்டார். ஊருக்கு நடுவே பட்டிமன்றம் வைத்துப் பேசித் தீர்த்துவிடலாம் என்றார். கூட்டம் கூடக் கூடாது என்ற உத்தரவு நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யக் கூட்டம் கூட்டுவது என்பது எங்கள் ஊருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை.

குருசாமி முதலில் மறுத்தார். பிறகு நிபந்தனையோடு இசைந்தார். பேச்சால் காலரா பரவாது. தண்ணீராலும் தீனியாலும்தான் பரவும். எனவே கொட்டகுடி ஆற்று மணலில் கூட்டம் நடக்கலாம். ஆனால் பானகம், சுண்டல், முறுக்கு, வெற்றிலை எதுவும் கூடாது. மேடையில் சோடாவும் கூடாது. சோடா இல்லாத மேடையில் நகராட்சித் தலைவர் ஆற்றியதுதான் எங்கள் ஊர் கேட்டவற்றிலேயே மிகச் சுருக்கமான தலைமையுரை. காலராவால் விளைந்த நன்மை என்று நான் நேரில் கண்டது அது ஒன்றே. என்னை நடுவராக அமர்த்தினார்கள். என் படிப்பு அதற்குக் காரணமன்று. ஊரில் எனக்கு மாமன் மச்சான் யாரும் இல்லை என்பதே தகுதி.

அடைப்புக்கு எதிராகப் பேசியவர் ஏலக்காய் வியாபாரி அழகப்பன். கனத்த உடம்பு, தோளில் எப்போதும் சரிகைத் துண்டு. எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"ஏம்ப்பா குருசாமி, தண்ணி மேல இருந்து கீழ வருதா, கீழ இருந்து மேல போகுதா?"

"மேல இருந்து கீழதாண்ணே."

"அப்ப கீழ கெடக்குற நோயி எப்படிப்பா மலை ஏறும்?"

"உங்க ஆளுக வயித்துக்குள்ள உக்காந்து ஏறும்ணே. தூக்குகூலி கூடக் கேக்காது."

மணலில் சிரிப்பு எழுந்தது. குருசாமி வென்றுவிடுவார் என்றே நினைத்தேன். அப்போது, பேச்சாளர் வரிசையில் இல்லாத ஒரு பெண் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்தாள். காய் எடுக்கப் போகும் கருப்பாயி.

"இன்ஸ்பெக்டரே, வாந்தி எடுக்கணும்னாலும் வயித்துல எதாச்சும் கெடக்கணும்ல? சோலி இல்லாம அடுப்பு பத்த வச்சு எத்தன நாளாச்சுன்னு எனக்கே மறந்து போச்சு. உங்க காலரா என் வீட்டுக்கு வந்தா, அள்ளிட்டுப் போக ஒண்ணுமில்லாம வெறுங்கையோடதான் திரும்பும்."

இதற்கும் சிரித்தார்கள். குருசாமி சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அழகப்பன் அடுத்த கல்லை எறிந்தார்.

"கருப்பாயிக்குச் சட்டம் சரி. உனக்கு என்னப்பா சட்டம்? குரங்கணியில உங்க அக்கா பொன்னுத்தாயி மகளுக்கு வர்ற வெள்ளிக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் நீ ஒருத்தன்தான். மடியில உக்கார வைக்கப் போவியா, மாட்டியா?"

இதைக் கேட்டதும் ஆற்று மணலே குருசாமியின் பக்கம் திரும்பியதுபோல் இருந்தது. இப்பகுதியில் தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து இல்லை. மாமன் வராத சபையில் தாய்க்குத் தலைநிமிர்வு இல்லை. பொன்னுத்தாயியோ தாயற்ற தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவளுடைய புகுந்த வீட்டார், பெண் எடுத்த இடத்தில் குறை காண்பதையே ஒரு கலையாகப் பயின்றவர்கள். குருசாமி போனால் உத்தரவு செத்தது. போகாவிட்டால் அக்காள் உறவு செத்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"போக மாட்டேண்ணே."

நான் தீர்ப்பு சொன்னேன். அடைப்பால் வரும் கெடுதல் கருப்பாயியின் உருவில் எல்லாருக்கும் எதிரே நிற்கிறது. நன்மை இருப்பதாக இன்ஸ்பெக்டர் சொல்கிறார், ஆனால் அதைக் காட்ட அவரால் இயலவில்லை. எனவே கெடுதலே மிகுதி என்றேன். அழகப்பன் மாலை வரவழைத்தார். பட்டிமன்றத் தீர்ப்பால் மூங்கில் அசையாது என்பது அவருக்கு நினைவு வந்தபோது மாலை என் கழுத்தில் விழுந்துவிட்டது.

மூங்கில் அசையவில்லை. ஆனால் மறுநாள் காலையில் குருசாமி அழகப்பனின் சரக்குக் கிட்டங்கி வாசலில் சைக்கிளை நிறுத்தி, "அண்ணே, உங்க பின்பக்கச் சாக்கடையைக் கொஞ்சம் பாக்கணும்" என்றார். பார்க்கத் தகுந்த சாக்கடை எந்த வியாபாரியிடம் இருந்தது? மதியத்துக்குள் அழகப்பனிடமிருந்து ஒரு மூட்டை அரிசி கருப்பாயியின் தெருவுக்குப் போயிற்று. அடுத்தடுத்த கிட்டங்கிகளுக்குச் சைக்கிள் வருவதற்கு முன்பே மூட்டைகள் புறப்பட்டுவிட்டன. இது முறையா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னார்: "அடைச்சவன்தான் அளக்கணும் டீச்சர். என் சம்பளத்துல அளந்தா என் வீட்டு அடுப்பும் அணைஞ்சு போகும். அதான், இருக்கிறவன் வீட்டுச் சாக்கடையை மோந்து பாத்தேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளி மூடிக் கிடந்ததால் எனக்கும் வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. மாமன் மேலே வராவிட்டால் சடங்கே கீழே வரும் என்று பொன்னுத்தாயி முடிவு செய்திருந்தாள். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் அவள், குழந்தை, மாமியார், ஆசாரி, புகுந்த வீட்டுப் பட்டாளம். இந்தப் பக்கம் குருசாமியும் அவர் கொண்டுவந்த சீர்த் தட்டுகளும், சற்றுத் தள்ளி ஏறக்குறைய ஊர் முழுவதும்.

சீரை அப்படியே கொடுத்திருக்கலாம். ஆனால் ஊர்ப் பொருள் எதுவும் மருந்து காணாமல் மலையேறக் கூடாது என்பது அவர் போட்ட விதி. எனவே தேங்காய், பழம், கத்தரிப்பூ நிறப் பட்டுப்பாவாடை எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த அண்டாவில் முக்கி எடுத்தார். தேங்காய்க்கு ஒன்றும் நேரவில்லை. பாவாடை, திட்டுத்திட்டாக வெளுத்து, தேமல் கண்ட தோல்போல் வெளியே வந்தது. பொன்னுத்தாயியின் மாமியார் அதைக் கழியால் தூக்கி நான்கு புறமும் காட்டினாள்.

"பாத்துக்கங்க சாமிகளா! மாமன் சீரு வெளுக்கப் போட்டு வந்திருக்கு!"

"பாவாடை கெடக்கட்டும். மடி எங்கடா?" என்றாள் பொன்னுத்தாயி. "ஒரு எட்டு தாண்டி வந்து உக்காந்துட்டுப் போ. யாரு பாக்கப் போறா?"

"ஊரே பாக்குதுக்கா."

"ஊரு உன்னை இடுப்புல தூக்கி வளத்துச்சா?"

குருசாமி தலைகுனிந்து நின்றார். கால் மட்டும் நகரவில்லை. கடைசியில் வழி சொன்னவள் அந்த மாமியார்தான். மாமன் பட்டாளத்துக்குப் போயிருந்தால், அவனுக்குப் பதிலாக அவன் உடுத்திய வேட்டியை விரித்து அதில் குழந்தையை உட்கார வைத்த வழக்கம் தங்களிடம் உண்டு என்றாள். இந்தப் பக்கம் நின்ற ஆண்களில் பலர் தங்கள் வேட்டியைத் தரத் துணிந்தார்கள். அதெல்லாம் செல்லாது, மாமன் உடுத்தியதாகவே இருக்க வேண்டும் என்றாள் அவள். மாமன் உடுத்தியிருந்ததோ காக்கி அரைக்கால் சட்டை.

குருசாமி புளியமரத்துக்குப் பின்னால் போனார். அழகப்பன் தம் சரிகைத் துண்டை அங்கே நீட்டினார். ஆற்று மணலில் அத்தனை பேசிய மனிதர் அன்று செய்த ஒரே வாதம் அதுதான். காக்கியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, முறுக்கிப் பிழிந்து, கழியின் நுனியில் மாட்டி அந்தப் பக்கம் கொடுத்தார்கள். ஈரக் காக்கியில் உட்கார வைத்ததுமே, ஊசி கிட்ட வருவதற்கு முன்பே, குழந்தை வீறிட்டு அழத் தொடங்கிற்று. சரிகைத் துண்டை இடுப்பில் இறுக்கிப் பிடித்தபடி, மரத்துக்குப் பின்னாலிருந்து தாய்மாமன், "ஒண்ணுமில்லடி தங்கம், ஒண்ணுமில்ல" என்று கத்திக்கொண்டிருந்தார். காது குத்தியாயிற்று. பொன்னுத்தாயி திரும்பிப் பார்க்காமல் மலையேறினாள்.

அதன் பிறகு காலரா அடங்கிற்று, மூங்கிலை அவிழ்த்தார்கள். குரங்கணியிலும் அதற்கு மேலே உள்ள தோட்டங்களிலும் ஒருவருக்கும் நோய் வரவில்லை. அதனாலேயே குருசாமியின் கதை கெட்டது. சிலருக்காவது வந்து, அவர் காப்பாற்றியிருந்தால் ஊர் அவரைக் கொண்டாடியிருக்கும். வராததால், "சும்மா கெடந்த பாதையை அடைச்சான்" என்பது அழகப்பன் கட்சியின் முடிவாயிற்று. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பொன்னுத்தாயி தம்பி வீட்டுக்கு வரவில்லை. குருசாமி மலைக்குப் போனபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாளாம். பண்டிகை நாளில் அவர் வாசலில் நின்று குரங்கணிப் பக்கம் பார்ப்பதும், என்னைக் கண்டால் மேகத்தைப் பார்ப்பதுபோல் நடிப்பதுமாக இருந்தார்.

மறுவருடம் காய் எடுப்பு தொடங்கியபோது, தலையில் மூட்டையோடு பொன்னுத்தாயி அவர் வாசலில் வந்து நின்றாள். நான் என் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போவதுதான் மரியாதை என்று தெரியும், போகவில்லை.

"உள்ள வாக்கா."

"வர்றது இருக்கட்டும். எங்க ஊருல ஒரு ஆளுக்காச்சும் அந்த நோயி வந்துச்சாடா?"

"வரல."

"வராத நோய்க்கா என் பிள்ளைய ஈரக் காக்கியில உக்கார வச்ச? இன்னைக்கும் என் மாமியா, 'உன் தம்பி கால்சட்டை காஞ்சிருச்சா'ன்னு கேக்குறா."

குருசாமி மெதுவாகச் சொன்னார். "வரலல்லக்கா? அதுதான் நான் செஞ்ச சீரு."

"அதைத் தட்டுல வச்சு நாலு பேருக்குக் காட்ட முடியுமாடா?"

சுகாதாரத் துறையின் வாதங்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். ஆற்று மணலில் அவற்றை நான் கேட்டிருக்கிறேன். இப்போதும் அவற்றில் ஒன்றை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"முடியாதுதான்க்கா. நீ கேக்குறது நியாயம்."

பொன்னுத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்புறம் என்னத்துக்கு மரம் மாதிரி நிக்கிற? மூட்டையை வெரசா இறக்குடா, கழுத்து ஒடியுது" என்றாள். இறக்கினார். உள்ளே போனார்கள். சிறிது நேரத்தில் தாளிக்கும் மணம் என் வீடு வரை வந்தது.

அவர் நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளும்படி அவருடைய பிள்ளைகள் நேற்று என்னிடம் சொன்னார்கள். சைக்கிளைக் காட்டினார்கள்; இந்த வயதில் நான் சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு வேண்டியதை அவர்களைக் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். தாம் செய்தது சரி என்று உறுதியாகத் தெரிந்திருந்தும், அதைக் காட்டித் தர வழியில்லை என்று, அதனால் புண்பட்டவளிடமே ஒப்புக்கொண்ட அந்த ஒரு பேச்சு. ஆயுள் முழுவதும் பாடம் நடத்தியிருக்கிறேன். அதை ஒரு வகுப்புக்கும் சொல்லித் தந்ததில்லை. எனக்கே அது வராது.