முதலில் சாவி, பிறகு சேதி

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் உறவினர்கள். மீதிப் பேர் அப்பாவோடு லாரி ஓட்டியவர்கள். அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்பது சந்தேகம்தான். மகன் என்பதால் எழுதுகிறேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில் மூன்றாவது மகனாக அப்பா பிறந்தார். கிணறு வற்றி, நிலம் மூன்று பேருக்குச் சோறு போடாது என்றானதும் லாரி ஏறினார். நாக்பூர், கல்கத்தா என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடினார். திரும்பும்போது போளூர் சாலையில் எங்கள் ஊர் மலை கண்ணில் பட்டதும் வண்டியை நிறுத்திக் கைகூப்பிவிட்டுத்தான் ஊருக்குள் வருவார்.

அப்போது கைப்பேசி ஏது? எதிரில் நம் ஊர் வண்டி வந்தால் இரண்டு முறை லைட் அடித்து ஓரம் கட்டுவார்கள். வீட்டுச் சேதி எல்லாம் அப்படித்தான் போய் வந்தது. ஒருமுறை ஒடிசாவில் அப்பாவின் வண்டிக்கு அச்சு முறிந்து ஐந்து நாள் ரோட்டிலேயே கிடந்தார். அந்த வழியே போன டிரைவர்கள் அரிசி, பருப்பு, தண்ணீர் என்று இறக்கிவிட்டுப் போனார்களாம். புது அச்சை ஏற்றிவந்து மாட்டிக் கொடுத்தவர் யாரென்று அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது. "பேரு கேக்க மறந்துட்டேன்டா. சோறு மட்டும் போட்டேன்" என்று வருத்தப்படுவார்.

டிரைவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஸ்டியரிங் பிடித்திருப்பவனிடம் சாவுச் சேதி சொல்லக் கூடாது. வண்டியை நிறுத்தி, முதலில் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் சொல்ல வேண்டும். சொல்கிறவரே அந்த வண்டிக்கும் பொறுப்பு.

எனக்குப் பதினான்கு வயதில், கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லாரி ஆபீஸ் போன் வழியாகச் சேதி காதர் மாமாவுக்குப் போனது. அப்பாவின் உயிர் நண்பர் அவர். விஜயவாடா அருகே எதிரில் வந்த அப்பாவின் வண்டியை மறித்தார். "கண்ணெல்லாம் செவந்திருக்கு, நீ படு, நான் ஓட்டுறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். தன் வண்டியைக் கூட வந்த டிரைவரிடம் விட்டுவிட்டு அப்பாவோடு ஏறினார். ஆனால் சேதி சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் காலை பத்து மணி வரை காத்திருந்தோம். அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்றார்கள். நான்தான் கொள்ளி வைத்தேன். உச்சிவேளையில், போளூர் சாலையில், அப்பா மலையைப் பார்த்துக் கைகூப்பிய பிறகுதான் மாமா வாய் திறந்தாராம். விஜயவாடாவிலேயே சொல்லியிருந்தால் ரயிலேறி வந்து அம்மாவின் முகத்தையாவது பார்த்திருப்பாரே!

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இருபத்தாறு ஆண்டுகள் காதர் மாமாவிடம் நான் பேசவில்லை. வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தால் பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவேன். அவ்வளவு வீம்பு எனக்கு. அப்பா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே.

சென்ற ஆண்டு நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு அப்பா சொன்னார்: "அவன் மேல தப்பு இல்லடா. சாவி வாங்கினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கேட்டா சொல்லிடுவான்னுதான் கேக்கல. வழியெல்லாம் தூங்குற மாதிரி படுத்துனு வந்தேன்."

அன்றே மாமாவைப் பார்த்திருக்க வேண்டும். எந்த முகத்தோடு போவது என்று வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன்.

நான்கு நாள் கழித்து, அப்பா கொஞ்சம் தெளிந்திருந்ததால் வேலைக்குப் போனேன். ஆசிரமத்துக்கு வரும் விருந்தினரை வாடகைக் காரில் ஏற்றிச் சென்று விடுவது என் பிழைப்பு. பெங்களூரில் ஒருவரை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். காதர் மாமா போன் செய்தார்.

"எங்கப்பா வந்துனு இருக்க?"

"ஊத்தங்கரை கிட்ட."

"ஓரங்கட்டு. சாவிய எடுத்துக் கையில வெச்சிக்க."

எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவைப் போல நானும் கேட்காமல் இருந்துவிடலாமா என்று மனம் பதறியது.

"எடுத்துட்டேன் மாமா. சொல்லுங்க."

"அப்பா போயிட்டாருப்பா" என்றார். பிறகு, "இந்த வாட்டி சொல்லிட்டேன்பா" என்று குழந்தை போல அழுதார்.

அரைமணி நேரத்தில், மாமா சொல்லி அனுப்பிய ஊத்தங்கரை டிரைவர் ஒருவர் வந்து என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு என்னை வீடு சேர்த்தார். அவர் பெயரைக் கேட்க நானும் மறந்துவிட்டேன். சோறுகூடப் போடவில்லை. இந்த மலர் அவர் கைக்குக் கிடைத்தால் ஒருநாள் வீட்டுக்கு வர வேண்டும்.

அப்பாவை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட என் தங்கைக்கும், செவிலியருக்கும், பந்தல் போட்டதிலிருந்து காரியம் வரை கூடவே நின்ற தெருக்காரர்களுக்கும், வேலையை விட்டு வந்து பாடை தூக்கிய டிரைவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடிருக்கும்.

காதர் மாமா, உங்களிடம் இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் சொன்னதால்தான் பார்த்தேன்.