நிரம்பியே திரும்பிய பாட்டில்

1. காலையில் இரண்டு லிட்டர் பாட்டிலை நிரப்பி ஜீப்பில் வைத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். கர்ப்பத்தில் ஏழு மாதம் முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது.

2. வாய்க்கால் மதகுக்குக் கான்கிரீட் போடும் நாள். ஜல்லி லாரி தாமதமாக வந்தது. வரும் வரை கரையிலேயே நின்றேன்.

3. பதினோரு மணிவாக்கில் தலை வலித்தது. கத்திரி வெயில்தானே என்று குடையை விரித்தேன். பாட்டிலைத் திறக்கவில்லை.

4. சாப்பாட்டுக்குப் பிறகு அடிவயிறு கல்லாக இறுகியது. விட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறுகியது.

5. சிமெண்ட் மூட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். சித்தாள் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

6. அதே ஜீப்பில் தஞ்சாவூர். வழியெல்லாம் அந்த அக்கா என் வயிற்றில் கை வைத்தபடியே வந்தார்.

7. ஸ்கேன் எடுத்த டாக்டர் நர்ஸிடம் ஏதோ ஓர் எண்ணைச் சொன்னார். பிறகு என்னிடம், குழந்தையைச் சுற்றி இருக்கும் தண்ணீர் குறைவாக இருக்கிறது என்றார்.

8. பாட்டில் ஜீப்பிலேயே கிடந்தது, நிரப்பியது நிரப்பியபடி.

எதையும் வரிசை போட்டு எழுதிவிட்டால் எனக்கு மனம் ஒரு நிலைக்கு வந்துவிடும். படிக்கும் காலத்திலிருந்து அப்படித்தான். இந்த வரிசையைப் பல தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். எட்டாவதை எழுதி முடித்ததும் எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

நான் சிவில் இன்ஜினியர். வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு கிளை வாய்க்காலைத் தூர்வாரி, இடிந்துபோன மதகுகளைத் திரும்பக் கட்டும் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறேன். மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் முடித்தாக வேண்டிய வேலை. கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார். வீட்டில் நானும் அவருடைய அம்மாவும்தான். அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

அன்றைக்கு டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கு நான் தயங்காமல் பதில் சொன்னேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றார். மூன்று லிட்டர் என்றேன். பொய் இல்லை. டாக்டர் நம்பவும் இல்லை. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நான் கொடுத்திருந்த சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் இருந்தது. அதை நானும் பார்க்கும்படி திருப்பிக் காட்டினார்.

“எப்ப குடிக்கிறீங்க?”

“வீட்டுக்கு வந்ததுக்கப்புறம். வந்ததுலேர்ந்து தூங்கப் போறவரைக்கும்.”

“பகல்ல?”

“பகல்ல முடியாது மேடம்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “மொத்தமா குடிச்சா மொத்தமா போயிடும்ங்க. உடம்பு அதைச் சேத்து வச்சுக்காது. பகல் பூரா காய்ஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க. உள்ள புள்ளையும் அதே மாதிரி காயுது.”

ஒரு மாதத்துக்கான தண்ணீரை ஒரே ராத்திரியில் திறந்துவிடலாம் என்று யாராவது என்னிடம் ஒரு திட்டம் கொண்டுவந்தால், படித்துப் பார்க்காமலேயே திருப்பிக் கொடுத்திருப்பேன். வயலில் நிற்காது, வடிகாலில் இறங்கிப் போய்விடும், நாலு நாளில் மண் வெடித்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் என் உடம்புக்கு நான் போட்டு வைத்திருந்த திட்டம் அதேதான். கணக்கில் மூன்று லிட்டர் வந்துவிட்டது, சரி என்று இருந்துவிட்டேன்.

பகலில் ஏன் முடியாது என்பதை டாக்டரிடம் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வேலை நடக்கும் இடத்தில் ஒதுங்குவதற்கு இடமில்லை.

முன்பு இருந்தது. நான் முதலில் போனபோது கரை இரண்டு பக்கமும் நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக்கருவேலும் ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடந்தன. சித்தாள் பெண்கள் அதற்குள்தான் போய் வருவார்கள். தூர்வாரும் வேலையில் முதல் வேலை அந்தப் புதரை எடுப்பது. நான்தான் ஜேசிபிக்காரருக்கு எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று காட்டினேன். எடுத்து முடித்ததும் இந்த மதகில் நின்றால் அடுத்த மதகு தெரிந்தது. படம் பிடித்து ஆபீஸுக்கு அனுப்பினேன். நன்றாக வந்திருக்கிறது என்று பதில் வந்தது. சுற்றி வயலில் உளுந்தும் எடுத்தாகிவிட்டது, முழங்கால் உயரத்துக்குக்கூடப் பச்சை கிடையாது. ஆம்பளைகள் ஜேசிபிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வந்தார்கள்.

அதற்கப்புறம் குடிதண்ணீர் வைத்திருக்கும் பிளாஸ்டிக் குடம் சாயங்காலம் வரை அப்படியே இருந்ததைக் கவனித்தேன். குடம் பெரியது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே அவசரம் வந்த நாளில்தான் அந்த அக்காவிடம் போய், நீங்களெல்லாம் எங்கே போகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

“எங்கம்மா ஒதுங்குறது? இருந்த மறைப்பையும் நீங்கதான வழிச்சு எடுத்துட்டீங்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “வீட்டுல போயிட்டு வந்தா மறுபடி வீட்டுலதான். வெத்தலையை அடக்கிக்கிட்டா தாகம் தெரியாது. இன்ஜினியரம்மா வெத்தலை போடுவீங்களா?”

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் வரை போய் வந்தேன். தினமும் அப்படிப் போய் வர முடியாது, வேலை நிற்கும். அதனால் பகலில் குடிப்பதை நிறுத்திவிட்டு ராத்திரியில் ஈடு கட்டலாம் என்று முடிவு செய்தேன். அப்போது அது எனக்கு நல்ல ஏற்பாடாகவே பட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் திட்டவில்லை. தண்ணீர் குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு, இது மட்டும்தான் என்று சொல்ல முடியாது என்றார். குழந்தையின் சிறுநீரகம் சரியாக இருக்கிறது, ரத்த ஓட்டமும் சரியாக இருக்கிறது, எனக்குத்தான் அடக்கி அடக்கிச் சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கிறது. மருந்து தருகிறேன், ஒரு நாள் இங்கேயே இருந்து டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார். ராத்திரிக்குள் வயிறு இறுகுவது நின்றது.

மறுநாள் அனுப்பும்போது சொன்னவை மூன்று விஷயங்கள். தாகம் எடுக்கக் காத்திருக்காமல் விழித்திருக்கும் நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்தால் அந்த நிமிடமே கிளம்பி வர வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்ப ஸ்கேன். அப்போது இன்னும் குறைந்திருந்தால் காத்திருக்க முடியாது, குழந்தையை எடுத்துவிடலாம்.

எடுத்துவிடலாம் என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அந்த வாரம் முழுக்க அந்த ஒரு சொல்லோடுதான் நடந்தேன். குழந்தை இன்னும் இரண்டு கிலோவைத் தொடவில்லை.

நடந்தேன் என்பது சரியான சொல். இடது பக்கமாகப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். படுப்பேன், சுவரைப் பார்ப்பேன், எழுந்துவிடுவேன். ஒரு டம்ளர் குடிப்பேன். கழிப்பறைக்குப் போவேன். நிறம் பார்ப்பேன். திரும்பி வந்து வயிற்றில் கை வைத்துக்கொண்டு உதைக்கிறதா என்று காத்திருப்பேன். தூங்கிக்கொண்டிருக்குமோ என்று தோன்றும், அப்படியில்லையோ என்றும் தோன்றும். வயிற்றைத் தட்டி எழுப்புவேன். உதைத்ததும் ஐந்து நிமிடம் நிம்மதி. வேலை இடத்திலிருந்து போன் வந்தால், பேசி முடித்த பிறகு இவ்வளவு நேரம் உதைத்ததா இல்லையா என்று நினைவில்லாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

அத்தைக்கு முதல் இரண்டு நாள் இந்தத் தண்ணீர் வைத்தியம் பிடிக்கவில்லை. என் கால் வீங்கியிருந்தது. நீர் கோத்துக்கொண்டால் தண்ணீரைக் குறைக்க வேண்டும், பார்லி காய்ச்சிக் கொடுத்து வடியவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

“காலு ரெண்டும் இப்புடி நீர் கோத்துக் கெடக்கு. இதுக்கு மேலயும் ஊத்தச் சொல்றாங்களா அந்த டாக்டரம்மா?”

ரத்த அழுத்தம் பார்த்தாகிவிட்டது, சாதாரண வீக்கம்தான், தண்ணீரைக் குறைத்தால் கால் வற்றாது, குழந்தையின் தண்ணீர்தான் வற்றும் என்றேன். நம்பினாரா தெரியவில்லை. ஸ்கேன் படத்தை எடுத்துக் காட்டினேன். குழந்தையைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரிவதுதான் தண்ணீர் என்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இம்புட்டுதானா?”

அன்று சாயங்காலத்திலிருந்து டிவி தொடரில் விளம்பரம் வரும்போதெல்லாம் என் கையில் ஒரு டம்ளர் வந்தது. தண்ணீர், அடுத்ததில் நீர்மோர், அடுத்ததில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், காலையில் இளநீர். அத்தை பார்க்கும் தொடர்களை எண்ணிக்கொண்டால் ஒரு நாளின் அளவு தானாகவே வந்துவிடும் என்று கண்டுகொண்டேன். கரண்ட் போன மதியம் மட்டும், விளம்பரம் இல்லாமலேயே கொண்டுவந்து, “நாடகத்துல அந்தப் பொம்பள இப்ப அழுதுக்கிட்டிருப்பா, நீ குடி” என்றார்.

சிங்கப்பூரிலிருந்து வேலை இடைவேளைகளில் போன் வந்தது. எடுத்ததும் அதே கேள்வி. மூன்றாவது நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“தண்ணி குடிச்சியா, தண்ணி குடிச்சியான்னு கேக்கத்தான் விசா எடுத்துக்கிட்டுப் போனீங்களா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்தப் பக்கம் வெல்டிங் போடும் சத்தம் கேட்டது. “வேற என்ன கேக்கன்னு தெரியல” என்றார். அதற்கப்புறம் அவர் கேட்டால் கோபப்படுவதில்லை.

அந்த வாரத்தில் எனக்கு வேறு ஒன்றும் நெருடிக்கொண்டே இருந்தது. கழிப்பறை என் கட்டிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், டைல்ஸ் போட்டு இருந்தது. வாய்க்கால் கரையில் அந்தப் பெண்கள் இன்னும் வெற்றிலையை அடக்கிக்கொண்டு கலவை சுமந்தார்கள். அவர்களில் மாசமாக இருப்பவள் ஒருத்தியாவது இருக்கமாட்டாளா என்று யோசித்தேன். யாரிடமும் கேட்டதில்லை.

ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்தேன். கெட்டவர் இல்லை. என் உடம்பைப் பற்றி விசாரித்தார். கழிப்பறை என்றதும், முடியப் போகிற வேலைக்கு எதற்கம்மா என்றார். உங்களிடம் மீந்த சென்ட்ரிங் தகடு இருக்கிறது, பழைய சவுக்குக் கம்பு இருக்கிறது, குழிக்குள் இறக்க, உடைந்து ஒதுக்கிய வட்டச் சிமெண்ட் உறை ரெண்டு கிடக்கிறது, ஜேசிபி நிற்கிறது என்று வரிசையாகச் சொன்னேன். குழி எங்கே, வாய்க்காலிலிருந்து எவ்வளவு தள்ளி, கதவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு படமும் வரைந்து அனுப்பினேன். படம் வந்துவிட்டால் அவரால் மறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அடுத்த மதகு வேலைகளுக்கு எஸ்டிமேட் போடும்போதே இதையும் சேர்த்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். சரி, போடச் சொல்கிறேன் என்றார்.

ஸ்கேனுக்கு முந்தின நாள் அந்த அக்கா போன் செய்தார். பின்னால் ஜல்லி கொட்டும் சத்தம் கேட்டது.

“வந்து பாருங்கம்மா, உங்க பேரைச் சொல்லி இங்க ஒரு பங்களா கட்டியிருக்கு. உச்சி வெயில்ல உள்ள போனா தகடு கொதிக்குது, பொங்கலே வைக்கலாம்.”

மேலே தென்னங்கீற்று போடச் சொல்லுங்கள் என்றேன். குடத்துத் தண்ணீர் என்ன ஆகிறது என்று கேட்டேன். மதியத்துக்கே காலியாகிவிடுகிறது, இரண்டாவது குடம் கேட்டிருக்கிறோம் என்றார். பிறகு குரலைத் தணித்து, “தண்ணி ஏறிடுச்சாம்மா?” என்றார். நாளைக்குத்தான் தெரியும் என்றேன்.

மறுநாள் தஞ்சாவூர் போகும்போது அத்தையும் வந்தார். பஸ் வேண்டாம் என்று வாடகைக்குக் கார் வைத்திருந்தோம். வழியில் ஒவ்வொரு ஊராக நிறுத்தி எனக்குக் கழிப்பறை தேடியதில் நேரம் கூடிப்போனது. ஒரு கல்யாண மண்டபத்தில் முகூர்த்தக் கூட்டத்தோடு உள்ளே போய்விட்டு வந்தேன். வாசலில் ஒருவர் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஸ்கேன் அறையில் ஜெல் குளிர்ந்தது. டாக்டர் நாலு இடத்தில் வைத்து அளந்தார். ஒவ்வோர் அளவுக்கும் நடுவில் நான் மூச்சை எங்கே விட்டேன் என்று நினைவில்லை. நர்ஸிடம் எண்ணைச் சொன்னார். போன தடவையைவிடப் பெரிய எண். அதுவரைதான் எனக்குக் காதில் விழுந்தது.

இருக்க வேண்டிய அளவின் கீழ் எல்லையைத் தொட்டிருக்கிறது என்றார். ஏறும் பாதையில் இருக்கிறது, நின்றுவிடக் கூடாது, குழந்தை இன்னும் இரண்டு வாரம் வயிற்றுக்குள்ளேயே இருந்தால் எனக்கும் நிம்மதி என்றார். அத்தை, இம்புட்டுதானா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

இப்போது நிலைமை இது. கிருமி போய்விட்டது. வயிறு இறுகவில்லை. குழந்தையின் எடை கூடியிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தண்ணீர் இன்னும் கீழ் எல்லையின் ஓரத்தில்தான் இருக்கிறது, வியாழக்கிழமை மறுபடி ஸ்கேன். மதகு வேலை முடிந்து தண்ணீரை அடைக்கும் பலகை மாட்டியாகிவிட்டது. மேட்டூரில் திறந்துவிட்டார்கள், எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. நான் வேலைக்குத் திரும்பவில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து போய் வந்தேன். கடைசியாக உதைத்தது சற்று முன்பு.