பச்சைக் கம்பளமும் ஏபல் டிம்ஸும்

தளபதி தன் மகனைச் சபிக்கும்போது நடுவில் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்துவார். அந்தக் கணத்தைப் பார்த்து ஏபல் டிம்ஸ் மேடைக்குள் நடந்து வருவார். சாயம் போன சிவப்புக் கோட்டு, வெள்ளைக் காலுறை, கையில் திரி வெட்டும் கத்தரிக்கோல். சபிக்கிறவரையும் பார்க்க மாட்டார், சாபம் வாங்குகிறவனையும் பார்க்க மாட்டார். மேடை முனையில் தகரத் தொட்டிக்குள் வரிசையாக எரியும் கொழுப்பு விளக்குகளில் எது புகைகிறதோ அதன் முன்னால் ஒரு முழங்காலை ஊன்றுவார். கருகிய திரியை ஒரே வெட்டில் எடுத்துக் கத்தரிக்கோலோடு ஒட்டியிருக்கும் சின்ன டப்பாவுக்குள் அடைத்துக்கொண்டு வந்த வழியே போய்விடுவார். தளபதி விட்ட இடத்திலிருந்து சாபத்தைத் தொடர்வார்.

மேல்மாடிக் கேலரிக்காரர்களுக்குத் தளபதி எக்கேடு கெட்டாலும் கவலையில்லை. டிம்ஸின் கைதான் முக்கியம். சுடர் துடிக்காமல் வெட்டினால் கைதட்டுவார்கள். விளக்கு அணைந்துபோனால் முதலில் ஊளை, பிறகு சீழ்க்கை, அப்புறம் ஆரஞ்சுப் பழம். மற்றக் கொட்டகைகளில் திரி வெட்டுகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு முறையாவது பழத்தால் அடி வாங்குவது வழக்கம். டிம்ஸ் மட்டும் ராஜா ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த வருஷம் கத்தரியைப் பிடித்தவர், பத்தொன்பது வருஷத்தில் ஒரு விளக்கைக்கூட அணைத்ததில்லை. லண்டனில் இப்படி இன்னொருவன் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

"யோவ் டிம்ஸு, இன்னைக்காச்சும் ஒண்ணை அணைச்சுத் தொலைய்யா. கையில பழம் அழுகுது" என்று நிலக்கரிப் படகுக்காரன் ஒருவன் மேலிருந்து கெஞ்சுவான்.

"உன் பழத்தை நீயே தின்னு. வயிறாச்சும் சுத்தமாகும்" என்பார் டிம்ஸ், உதடு அசையாமல். முன் பெஞ்சுக்காரர்கள் சிரிப்பார்கள். தளபதி முறைப்பார்.

அவருக்குப் புருவம் கிடையாது. எந்த வருஷம் போனது என்று அவருக்கே ஞாபகமில்லை. உடம்பிலிருந்து எப்போதும் ஆட்டுக்கொழுப்பு வாடை வீசும். தெருவில் நடந்தால் இரண்டு நாயாவது பின்னால் வரும். பத்தொன்பது வருஷம் மேடையில் நின்றும் ஒரு நாடகத்தின் கதையும் அவருக்குத் தெரியாது. யார் யாரைக் கொன்றார்கள் என்று கேட்டால், "அதெல்லாம் எனக்கெதுக்குங்க? இருநூறு வத்தி நாடகம். ரெண்டாம் அங்கத்துல காத்து ஜாஸ்தி" என்பார். அவரைப் பொறுத்தவரை அதுதான் விமரிசனம்.

இன்னொரு விசித்திரம், கொட்டகைச் சுவருக்குள் நெருப்பு என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்வதில்லை. இரவில் பாம்பைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுகிறவர்களைப் போல, 'விருந்தாளி' என்பார். "அந்தத் திரைச்சீலையைத் தள்ளிக் கட்டுங்கப்பா, விருந்தாளி வந்துடப்போறாரு." ஆட்களும் அப்படியே பழகிவிட்டார்கள். புதிதாக வந்த தச்சன் ஒருவன் விளையாட்டாக அந்த வார்த்தையைக் கத்தியபோது, எறும்பைக்கூட மிதிக்காத டிம்ஸ் அவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டார்.

காரணம் இருக்கிறது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஆற்றுக்குத் தென்கரையில் ஒரு கொட்டகையில் யாரோ ஒரு குடிகாரன் எழுந்து நின்று அந்த வார்த்தையைக் கத்தினான். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அங்கே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. படிக்கட்டில் மட்டும் பதினேழு பேர் மிதிபட்டுச் செத்தார்கள். அதில் டிம்ஸின் தங்கை டார்கஸ் ஒருத்தி. அவளை அடையாளம் காட்டப் போனபோது, படியோரம் குவிந்து கிடந்த செருப்புகளில் அவளுடையதைத் தேடி எடுத்து அவள் காலில் போட்டுவிட்ட பிறகுதான் அவர் அழுதாராம். "ஒரு திரிகூடக் கருகல. வெறும் வார்த்தைங்க" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

நம் கொட்டகையிலும் பெஞ்சுக்காரர்கள், கேலரிக்காரர்கள் எல்லோருக்கும் தெருவுக்குப் போக இருப்பது ஒரே இடைகழி. நடுவில் ஒரு திருப்பம், திருப்பத்தில் ஒன்பது படி, வெளிச்சம் கிடையாது. சாதாரண நாளிலேயே அங்கே தொப்பி நசுங்கும்.

போன பிப்ரவரியில் நடிகை மிசஸ் பெவரில் விஷம் குடித்துச் சாகிற ஒரு சோக நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. சாவு வருகிற அங்கத்துக்கு முன்னால் இரண்டு ஆட்கள் வந்து மேடையில் பச்சைக் கம்பளம் விரிப்பார்கள். சாகிறவர்களின் பட்டு உடை பலகை அழுக்கில் புரளக்கூடாதே, அதற்காக. கம்பளத்தைக் கண்டதும் பெண்கள் கைக்குட்டையை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொள்வார்கள். சாவதில் பெவரிலம்மாளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாற்பத்தைந்து வயதுக்காரி இருபது வயது ராணியாகச் சாவாள். பார்க்கிறவன் அதை நம்புவான்.

அந்த அம்மாளுக்கும் டிம்ஸுக்கும் ஏழாம் பொருத்தம். முந்தின வாரம் அவள் பிணமாகக் கிடந்தபோது, தலைமாட்டில் ஒரு விளக்கு புகைகிறது என்று டிம்ஸ் வந்து வெட்டிவிட்டுப் போனார். வெட்டு அவ்வளவு சுத்தம். அழுதுகொண்டிருந்த கேலரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் கைதட்டிவிட்டது. பெவரிலம்மாள் பிணக்கோலத்தோடு எழுந்துபோய்ச் சண்டை போட்டாள். மேடைக்காரியங்களை நடத்துகிற ஸ்நெல் அன்றே உத்தரவு போட்டார்: "யோவ் டிம்ஸ், அம்மா சாகிற சீன்ல உன் காலு மேடையில பட்டுச்சுன்னா அத்தோட உனக்கு வேலை இல்ல. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க. ஆனா கம்பளத்தை முன்னுக்கு இழுத்துப் போடச் சொல்றாங்களே அம்மா, முகத்துல வெளிச்சம் விழணும்னு? தொட்டியில இடிக்குதுங்க."

"அது அவங்க சாவு. உனக்கென்னய்யா?"

சம்பவம் நடந்த அன்று கோமாளிக்குத் தொண்டை கட்டியிருந்ததால், வழக்கமாகக் கடைசியில் போடும் சிரிப்பு நாடகம் கிடையாது. ராணி செத்தால் ஆட்டம் முடிந்தது. ராணி செத்தாள். ராஜா வேஷக்காரர் நாற்பது வரிப் புலம்பலை ஆரம்பித்தார். ஆயிரத்து எண்ணூறு பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். திரைமறைவில் நின்ற டிம்ஸ் மூக்கைத் தூக்கினார். கொழுப்பு வாடைக்குள் வேறொரு வாடை, கம்பளி கருகுகிறது. எட்டிப் பார்த்தார். தொட்டியை ஒட்டிய கம்பள ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். அதன் விளிம்பு சிவப்பாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு முழத்துக்கு அப்பால் பெவரிலம்மாளின் பட்டுப் பாவாடை.

பக்கத்திலேயே தண்ணீர் வாளி இருந்தது. ஆனால் வாளியோடு மேடையில் ஒருவன் காலை வைத்தால் அந்த வார்த்தையை யாரும் சொல்லவே வேண்டாம். ஆயிரத்து எண்ணூறு வாயும் தானாகச் சொல்லும். ஓடினாலும் அதேதான்.

டிம்ஸ் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நடந்தார். "யோவ், யோவ்" என்று ஸ்நெல் பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுத்தார். கோட்டு கிழிந்தது. டிம்ஸ் நிற்கவில்லை. தினமும் நடக்கிற அதே நடை; ஒரு எட்டு கூடவில்லை, குறையவில்லை. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நடப்பது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். அன்று அவர் நடந்தது அந்த நடை.

கறுப்பு வட்டத்தை உடம்பால் மறைத்து முழங்காலை ஊன்றினார். பிணம் உதடு அசையாமல் பேசியது.

"உன்னை வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கு."

"அசையாதீங்கம்மா. உங்க பாவாடைகிட்ட விருந்தாளி வந்திருக்காரு."

செத்த கண் ஒரு இழை திறந்தது. "எவ்வளவு கிட்ட?"

"ஒரு முழம். கம்பளத்துக்கு அடியில போறாரு."

"எழுந்திரிக்கட்டா?"

"நீங்க மிரண்டு எழுந்தா ஜனம் எழுந்துடும். அந்தப் படி தாங்காதும்மா."

பிணம் கண்ணை மூடிக்கொண்டது. அதன் தொண்டைக்குழி மட்டும் துடித்தது. தண்ணீர் வேண்டும். எங்கே போவது? டிம்ஸ் கேலரியை நிமிர்ந்து பார்த்தார். படகுக்காரன் மடியில் ஒரு பை நிறைய ஆரஞ்சு இருந்தது.

பத்தொன்பது வருஷத்து மானத்தை ஒரே வெட்டில் வெட்டினார். நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கு பட்டென்று அணைந்தது.

ஒரு கணம் கேலரியே தன் கண்ணை நம்பவில்லை. பிறகு படகுக்காரனின் குரல், கல்யாண வீட்டுச் சந்தோஷத்தோடு: "அணைச்சுட்டான்டா டிம்ஸு!"

மழையாகக் கொட்டியது. முதல் பழம் காதில், இரண்டாவது நெற்றியில். டிம்ஸ் எழுந்து குனிந்து ஒரு வணக்கம் போட்டார். இன்னும் பத்துப் பழம் வந்தது. பழங்களைப் பொறுக்கிப் பல்லால் கிழித்தார். ஒரு கையால் தின்பதுபோல் காட்டிக்கொண்டு, இன்னொரு கையைக் கம்பளத்துக்கு அடியில் விட்டுப் பிழிந்தார். சுர்ரென்று சத்தம் வந்தது. ஊளையில் அது கேட்கவில்லை. ராஜா வேஷக்காரர் எதுவும் புரியாமல் பதினெட்டாம் வரியில் நின்று மேலே பார்த்தார்.

முன் பெஞ்சில் நரைத்த டோபா வைத்த ஒருவர் எழுந்தார். "அங்கே ஏதோ புகையுதே."

"விளக்கு அணைஞ்சா புகையாம பூவா பூக்கும்?" என்றார் டிம்ஸ்.

பெஞ்சு சிரித்தது. டோபாக்காரர் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினார். "இது திரி வாடை இல்லையே. கம்பளி..." அருகில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் சால்வையை எடுத்துக் கொண்டாள். டிம்ஸ் இன்னொரு பழத்தைப் பிழிந்தார். கைக்குக் கீழே சூடு இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. படிக்கட்டும் செருப்புகளும் அவர் கண்முன் வந்துவிட்டன.

அப்போது பிணம் எழுந்து உட்கார்ந்தது. பதறாமல், தூங்கி எழுகிறவளைப் போல. பெவரிலம்மாள் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேடையின் அந்தக் கோடிக்கு, கம்பளம் இல்லாத இடத்துக்கு நடந்தாள். ஊளை நின்றது.

"சீமான்களே, சீமாட்டிகளே, இந்த ஆளு என் சாவைக் கெடுத்துட்டான். நீங்க பெரிய மனசு பண்ணினா, நான் முதல்லேருந்து இன்னொரு தடவை சாகிறேன்."

கொட்டகை இடிந்துவிடும்போல் இருந்தது. "சாகுங்க தாயி, சாகுங்க!" என்றான் படகுக்காரன். டோபாக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பின்னாலிருந்து நாலு பேர் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து, "உக்காருய்யா, அம்மா சாகிறது மறைக்குது" என்று உட்கார வைத்தார்கள்.

கம்பளமில்லாத பலகையில் அந்த அம்மாள் ஒருநாளும் விழுந்ததில்லை. அன்று விழுந்தாள். ஆணித் தலையிலும் ஆரஞ்சுத் தோலிலும் வெள்ளைப் பட்டு புரள, எவ்வளவு நேரம் இழுக்க முடியுமோ அவ்வளவு நேரம் இழுத்துச் செத்தாள். இதைவிட நல்ல சாவு அவள் செத்ததில்லை என்று இன்றும் பேசுகிறார்கள். பயத்தில் வந்த நடுக்கம் எது, நடிப்பு எது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ராஜா வேஷக்காரர் கடமை தவறாதவர். நாற்பது வரியையும் முதலிலிருந்து புலம்பினார். மேடையின் இந்தக் கோடியில் கம்பளத்துக்கு அடியில் கையை விட்டுக் கவிழ்ந்திருந்த கிழவரை ஒருவரும் பார்க்கவில்லை. பலகைக்கும் கம்பளத்துக்கும் நடுவே மிச்சமிருந்த சிவப்பை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நாற்பது வரியும் அவர் அசையாமல் இருந்தார்.

திரை விழுந்தது. ஸ்நெல் பாய்ந்து வந்தார். "யோவ், நாளையிலேருந்து நீ..."

"சத்தம் போடாதீங்க, ஸ்நெல்" என்றாள் பெவரிலம்மாள், தரையிலிருந்து எழுந்தபடி. "அந்த வாளியைக் கொண்டாங்க."

ஸ்நெல் அப்போதுதான் கம்பளத்தைப் பார்த்தார். பேயறைந்தவர்போல் போய் வாளியைத் தூக்கி வந்தார். அம்மாளே அதை வாங்கி டிம்ஸின் முழங்கைவரை நனையும்படி ஊற்றினாள். கம்பளம் தொப்பலாக நனைந்தது. புகை அடங்கியது.

"முடிஞ்சுதுப்பா. கையை எடு, பாக்கலாம்."

டிம்ஸ் எடுக்கவில்லை.

"அணைஞ்சுடுச்சு, டிம்ஸ். நானே பாத்தேன். எடு."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் ஜனம் வெளியேறிக்கொண்டிருந்தது. இடைகழியில் சிரிப்பு, யாரோ பெவரிலம்மாளைப்போல முனகிக் காட்டினான், ஒரு பெண் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். திருப்பத்துப் படிகளில் நூற்றுக்கணக்கான கால்கள் தடதடத்து இறங்கின. பிறகு பத்து இருபது பேர். பிறகு கட்டைச் செருப்புப் போட்ட ஒரே ஒரு ஆள், அவசரமில்லாமல், படி படியாக. தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அதன் பிறகுதான் டிம்ஸ் கையை எடுத்தார்.