விமானி உரிமத்துக்காகப் பாம்பூஃப்ளாட் பள்ளிக்கு ஒரு நாள்

என் மகள் மாலினி நியூசிலாந்தில் விமானம் ஓட்டப் படித்து உரிமம் வாங்கியவள். இந்தியாவில் வேலைக்குச் சேர, டெல்லியில் விண்ணப்பித்து அதை இந்திய உரிமமாக மாற்ற வேண்டும். தேர்வுகள், மருத்துவப் பரிசோதனை, பறந்து காட்டும் சோதனை எல்லாம் முடித்துவிட்டாள். 2011 ஆகஸ்டில் டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி அக்டோபர் 14, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஜூன் 2. பள்ளிப் பதிவேட்டின் நகலும் பெற்றோரின் விளக்கமும் முப்பது நாளுக்குள் வராவிட்டால் கோப்பு மூடப்படும். அவள் அப்பா இல்லை. விளக்க வேண்டியவள் நான்தான்.

அந்தமானில் நாங்கள் இருக்கும் கராச்சர்மாவிலிருந்து காலை 7.10க்குப் பேருந்து. போர்ட் பிளேரில் மாறி, சாத்தம் படகுத்துறைக்கு 8.05. பேருந்துகளுக்குப் பதினொரு ரூபாய், படகுக்கு மூன்று. அந்த நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது. கால் மணி நேரம் நிற்கலாம். பாம்பூஃப்ளாட்டில் இறங்கியதும் ஆட்டோக்காரர், "பைட்டோ மாஜி, ஏறி உட்காருங்க, நடந்தா ஸ்கூல் போறதுக்குள்ள பாரிஷ் பிடிச்சிடும்" என்றார். முப்பது கேட்டார், இருபதுக்குப் போனேன். மழை வரவில்லை.

சுனாமித் தண்ணீர் புகுந்த பிறகு அலுவலகத்தை மாடிக்கு மாற்றியிருந்தார்கள். மாலினியைச் சேர்த்தபோது இருந்த அதே எழுத்தர், காசிம். பதிவேட்டோடு வந்தார். "கீழ் அடுக்கு பூரா போச்சு டீச்சர். இது மேல இருந்துச்சு, தப்பிச்சது." தப்பியிருக்க வேண்டாம் என்று அந்த நொடி நினைத்தேன்.

நான் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்த விளக்கத்தில், சேர்க்கையின்போது எழுத்தர் தேதியைத் தவறாகப் பதிந்துவிட்டார் என்றிருந்தது. மாலினியிடமும் பல வருடங்களாக அப்படித்தான் சொல்லி வந்தேன். பதிவேட்டில் ஒட்டியிருந்த விண்ணப்பத்தில் ஜூன் 2 என் கையெழுத்தில் இருந்தது. கன்னியர் பள்ளியில் பழக்கிய சாய்வெழுத்து, வேறு யாருடையது என்றும் சொல்ல முடியாது. அப்போது ஜூன் முடிவுக்குள் ஐந்து வயது நிரம்பினால்தான் முதல் வகுப்பு. அவளுக்கு நாலு மாதம் குறைந்தது. ஒரு வருடம் வீணாக வேண்டாமே என்று கூட்டிப் போட்டேன். ஊரில் பலரும் செய்ததுதான். ஆனால் நான் ஆசிரியை.

காசிம் என் தாளைப் படித்தார். "அந்த எழுத்தர் நான்தானே?" என்று சிரித்தார். "இருக்கட்டும் டீச்சர். டிசம்பர்ல ரிட்டயர்ட். தண்டனைன்னு என்னைக் காலாபானிக்கா அனுப்புவாங்க? நாமதான் ஏற்கெனவே இங்க இருக்கோமே. பாப்பா பறக்கட்டும். ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட சீல் வாங்கிடவா?"

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வெள்ளைத்தாள் ஒன்று கேட்டேன்.

"யோசிச்சு எழுதுங்க. தாயே பொய் சொன்னான்னு பார்த்து டெல்லிக்காரன் ஃபைலை பந்த் பண்ணிட்டா?"

"பண்ணினால் என்னால்தான். உங்களால் இல்லை."

தலைமையாசிரியை சான்றொப்பம் இட்டார். நகலுக்குப் பத்து ரூபாய். 12.20 படகுக்குக் காத்திருக்கையில் மாலினியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"அப்போ அந்த அங்கிளை இத்தனை வருஷமாத் திட்டினது?"

"தப்பு."

"இன்னிக்கே ஸ்பீட் போஸ்ட்ல போடும்மா" என்று வைத்துவிட்டாள்.

நவம்பரில் உரிமம் வந்தது. பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறவர்கள், போகும் முன்பே பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றையும் பக்கத்தில் வைத்துத் தேதிகளை ஒப்பிடுங்கள். உரிமம் உண்மையானது என்று அந்த நாட்டு அலுவலகம் டெல்லிக்கு நேரடியாக உறுதி செய்ய வேண்டும். அதற்குத் தனியாக நாள் பிடிக்கும். பள்ளிக்குச் சனிக்கிழமை போகாதீர்கள், கையொப்பமிட ஆள் இருக்காது. விளக்கத்தை நீட்டாதீர்கள். என்னுடையது இவ்வளவுதான்: "என் மகள் பிறந்தது அக்டோபர் 14. பள்ளியில் சேர்ப்பதற்காக ஜூன் 2 என்று எழுதிக் கொடுத்தவள் நான். எழுத்தர் நான் கொடுத்ததையே பதிந்தார்." டெல்லி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.