இணைக்காத இரண்டு சிலிண்டர்கள்

பிள்ளைகளே, பட்டான்செருவில் நான் சிலிண்டர்களில் மூச்சுக்காற்று நிரப்பும் வேலையில் இருந்தபோது முக்குளிப்பவர் ஒருவர் வருவார். அணைக்கதவுகளை ஆழத்தில் பழுது பார்ப்பவர். இடது தோள் உடைந்து சரிந்திருக்கும். வந்ததும் சிலிண்டர்களை உதைத்துப் பார்ப்பார்.

ஒருநாள், அவர் வேண்டாமென்று சொல்லியிருந்தும், உதவியாக இருக்குமென்று அவருடைய இரண்டு சிலிண்டர்களையும் ஒரு குழாயால் இணைத்து வைத்தேன். அவர் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

“நக்கோ, வேணாம்னு சொன்னேன்ல! ஒண்ணு ஒழுகினா ரெண்டும் காலி. முதுகுல இருக்கிற வால்வை மூட இந்தக் கை எட்டுமாடா?”

“தண்ணிக்குள்ள ரெண்டு மூச்சுக்குழாயையும் மாத்தி மாத்தி வாயில வைக்க வேணாமேன்னுதான், அண்ணே...”

குழாயைக் கழற்றிச் சுவரில் அடித்து உடைத்தார்.

அடுத்த வாரம் நெற்றியில் தையலோடு வந்தார். ஒரு சிலிண்டரின் வால்வு அணைக்கதவில் மோதி நசுங்கி, அது காலியாகியிருந்தது. மற்றதில் கொஞ்சம் காற்று மிச்சமிருந்தது; அதை வைத்துத்தான் மேலே வந்திருந்தார்.

“தனித்தனியா நிரப்பு, தம்பி” என்றார்.

என் கழுத்தை நெரித்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏன் அழுதேன் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.